திருமணச் செல்லாமை, மணமுறிவு, மறுமணம்: கிறித்தவத் திருச்சபைகளின் வேறுபட்ட நிலைப்பாடுகள் – திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவத் திருமணம் முறியுமா, முறியாதா என்ற வினாவிற்குத் திருச்சபைகள் ஒரே விடை தருவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை மணமுறிவை ஏற்பதில்லை; ஆனால் ஒரு திருமணம் தொடக்கத்திலேயே செல்லாதது என அறிவிக்கும் தீர்ப்பாய முறையை உடையது. கீழைத் திருச்சபைகள் முறிந்த மணத்தை முறிந்ததாகவே ஏற்று, தவ உணர்வோடு மறுமணத்திற்கு இடமளிக்கின்றன. சீர்திருத்தத் திருச்சபைகள் மணமுறிவை அரசின் வரம்பிற்கு உட்பட்டதாகக் கொண்டு, மறுமணத்தை மட்டும் தம் கட்டுப்பாட்டில் வைத்துள்ளன. இவற்றுக்கு அப்பால் 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் தன் வழியில் செல்கிறது. பல திருச்சபையினர் தொழில் நிமித்தம் கூடி வாழும் திருப்பூர், நெருப்பெரிச்சல் போன்ற இடங்களில் இவ்வேறுபாடுகள் எவ்வாறு ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருமணச் செல்லாமை, மணமுறிவு, திருச்சபைச் சட்டம், தீர்ப்பாயம், மறுமணம், திருப்பூர்.

முன்னுரை

திருப்பூர் மாநகரின் வடபகுதியில் அமைந்த நெருப்பெரிச்சல், பின்னலாடைத் தொழிலின் விரிவாக்கத்தால் சிற்றூர் நிலையிலிருந்து நகர்ப்புறமாக மாறிய பகுதிகளுள் ஒன்று. பனியன் நிறுவனங்களில் வேலை தேடித் தூத்துக்குடி, நெல்லை, குமரி போன்ற தென்மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அண்மைக்காலமாக ஒடிசா, சார்க்கண்டு போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து இப்பகுதியில் குடியேறியோருள் கிறித்தவர்களும் உளர். சொந்த ஊரில் ஒரே பங்கு, ஒரே கோயில் என வாழ்ந்தவர்கள் இங்கு வந்தபின் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், லுத்தரன்கள், சீரிய மரபினர், பெந்தெகொஸ்தே சபையினர் எனப் பலரோடு ஒரே காம்பவுண்டில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். ஒரே தையல் கூடத்தில் பணிபுரிகின்றனர்; திருமண உறவும் கொள்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்ளலாம். தூத்துக்குடிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் கத்தோலிக்க முறைப்படி மணம் முடித்த பெண் ஒருத்தி, கணவன் வேறொருத்தியோடு வாழச் சென்றுவிட்டதால் குழந்தையுடன் நெருப்பெரிச்சலுக்கு வந்து ஓவர்லாக் இயந்திரத்தில் பணிபுரிகிறாள். ஆறாண்டுகள் கழிகின்றன. உடன் பணிபுரியும் ஒருவர் அவளை மணக்க முன்வருகிறார். அவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். அவருக்கும் முன்னரே மணமாகி, நீதிமன்றத்தின் வழி மணமுறிவு பெற்றவர். இவ்விருவரும் திருமணம் செய்துகொள்ள இயலுமா? பங்குத்தந்தை ஒரு விடையும், தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர் மற்றொரு விடையும், வழக்கறிஞர் மூன்றாவது விடையும் கூறுவர். மூவர் கூற்றும் அவரவர் சட்டப்படி சரியானதே.

சொல்லும் பொருளும்

வேறுபாடு விவிலியத் தமிழிலேயே தொடங்குகிறது. மத்தேயு நற்செய்தி 5:32, 19:9 ஆகிய இரு இடங்களில் மட்டும் மனைவியை விலக்குதலுக்கு ஒரு விதிவிலக்குக் கூறப்படுகிறது. மாற்கு 10:11-12, லூக்கா 16:18 ஆகியவற்றில் அவ்விதிவிலக்கு இல்லை. மத்தேயு ஆளும் கிரேக்கச் சொல் ‘பொர்நேயா’ என்பதாகும். இதனைச் சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘வேசித்தனம்’ என்கிறது. பின்னர் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘பரத்தைமை’ என்கிறது. மணவாழ்வில் இழைக்கப்படும் துரோகம் என இச்சொல்லைக் கொண்டால், குற்றமற்ற துணைவருக்கு மணமுறிவு உரிமை பிறக்கிறது. சீர்திருத்த மரபு பெரும்பாலும் இவ்வாறே கொண்டது. மணமே கூடாத உறவினரிடையே நிகழ்ந்த முறைகேடான சேர்க்கை எனக் கொண்டால், அங்கு முறிப்பதற்கு மணமே இல்லை. கத்தோலிக்க உரையாளர் பலர் இப்பொருளை விரும்பியுள்ளனர். செல்லாமை என்னும் கருத்துக்கும் முறிவு என்னும் கருத்துக்கும் இடையிலான தொலைவு இவ்வொரு சொல்லின் உரையிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இணைச்சட்டம் 24:1இல் வரும் ஆவணத்தைப் பழைய மொழிபெயர்ப்பு ‘தள்ளுதற்சீட்டு’ எனக் குறிக்கிறது. சொல்லின் கடுமை கருதத்தக்கது: தள்ளப்படுபவள் பெண்ணே. ‘மணமுறிவு’, ‘மணவிலக்கு’ முதலிய பிற்காலச் சொற்கள் இச்சாய்வை நீக்கினாலும், திருச்சபைச் சட்டம் வேறுபடுத்தும் இரு நிலைகளை வேறுபடுத்துவதில்லை. மக்கள் வழக்கில் ‘விவாகரத்து’ என்னும் ஒரே சொல் அனைத்துக்கும் பயன்படுகிறது. ‘மேற்றிராசனத்தில் விவாகரத்து வாங்கினார்’ எனக் கத்தோலிக்கரே கூறுவதுண்டு; அங்கு அப்படி ஒன்று வழங்கப்படுவதே இல்லை. பதவிப் பெயர்களிலும் இக்குழப்பம் உண்டு. கத்தோலிக்கருக்கு ‘ஆயர்’ என்பவர் மறைமாவட்டத் தலைவர். தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர் என்பவர் ஓர் உள்ளூர்ச் சபையின் குரு, தலைவர் ‘பேராயர்’. ‘ஆயர் அனுமதி வேண்டும்’ என்ற ஒரே தொடரை இரு சபையினரும் இருவேறு அலுவலகங்களாகப் புரிந்துகொள்வர்.

கத்தோலிக்கத் திருச்சபை: முறிவு இல்லை, செல்லாமை உண்டு

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இலத்தீன் வழிபாட்டு முறையினரைக் கட்டுப்படுத்துவது. அதன் 1141ஆம் விதிப்படி, திருமுழுக்குப் பெற்ற இருவரிடையே முறையாக நிகழ்ந்து உடலுறவால் நிறைவுபெற்ற திருமணத்தைச் சாவைத் தவிர வேறு எந்த மனித அதிகாரமும், எக்காரணத்திற்காகவும், பிரிக்க இயலாது. கணவன் அடிக்கிறான், குடிக்கிறான், வேறொருத்தியோடு வாழ்கிறான் என்பவை மணத்திற்குப் பின் நிகழ்ந்தவையாயின், அவை பிரிந்து வாழ்வதற்குக் காரணமாகலாம் (1151 முதல் 1155 வரையான விதிகள்), பிணைப்பை அவிழ்க்கா.

எனவே தீர்ப்பாயம் எழுப்பும் வினா வேறு. மணநாளன்று உண்மையான திருமணம் நிகழ்ந்ததா என்பதே அது. 1057ஆம் விதியின்படி திருமணத்தை உருவாக்குவது இருவரின் சம்மதம். அச்சம்மதத்தில் அடிப்படைக் குறை இருந்திருப்பின் தாலி கட்டியும், திருப்பலி நிறைவேற்றியும், பதிவேட்டில் ஒப்பமிட்டும் திருமணம் உருவாகவில்லை என்பது சட்டத்தின் நிலை. வற்புறுத்தலாலும் பேரச்சத்தாலும் பெற்ற சம்மதம் (1103), மணவாழ்வைப் பெரிதும் பாதிக்கும் ஒன்றை மறைத்து ஏமாற்றுதல் (1098), குழந்தைப்பேற்றையோ உண்மைப் பற்றுறுதியையோ மனத்தளவில் விலக்கிவிட்டு வெளிக்குச் சம்மதம் கூறுதல் (1101), திருமணக் கடமைகளை ஆய்ந்து தெளியும் திறன் இன்மை, உளவியல் காரணங்களால் அவற்றை ஏற்க இயலாமை (1095) ஆகியவை இக்குறைகளுள் முதன்மையானவை. இறுதியில் கூறிய 1095ஆம் விதியே பல நாடுகளின் தீர்ப்பாயங்களில் மிகுதியாக எடுத்தாளப்படுவது. மணத்திற்கு முன்பே வேரூன்றியிருந்த குடிநோய் இவ்விதியின்கீழ் எழுப்பப்படலாம். மணத்திற்குப் பின் தொடங்கிய குடிப்பழக்கம் எழுப்பப்பட இயலாது.

இந்த நடைமுறையில் ‘திருமணப் பிணைப்பின் காப்பாளர்’ என்னும் அலுவலர் ஒருவர் உண்டு. திருமணம் செல்லும் என வாதிடக்கூடிய அனைத்தையும் முன்வைப்பது அவர் கடமை. கணவன் மனைவி இருவருமே செல்லாமையை விரும்பினாலும், திருமணத்தின் சார்பில் பேச ஒருவர் இருந்தே தீர வேண்டும். முன்னர் ஒரு தீர்ப்பாயம் செல்லாமை அறிவித்தபின் மற்றொரு தீர்ப்பாயம் அதனை உறுதிசெய்தாலன்றி மறுமணம் இயலாதிருந்தது. திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட சீர்திருத்த ஆணை அவ்வாண்டு திசம்பர் 8 முதல் இவ்விரட்டைத் தீர்ப்பை நீக்கியது. சான்றுகள் வெளிப்படையாக உள்ள வழக்குகளை மறைமாவட்ட ஆயரே குறுகிய நடைமுறையில் தீர்க்க இடமளித்தது. இயன்றவரை கட்டணமின்றி நடத்தவும் அறிவுறுத்தியது.

இடம்பெயர்ந்தோர்க்கு இச்சீர்திருத்தத்தின் பெரும்பயன் வேறொன்று. திருமணம் நடந்த இடம் மட்டுமன்றி, இருவருள் எவரேனும் ஒருவர் வாழும் இடத்தின் தீர்ப்பாயமும் வழக்கை ஏற்கலாம் என 1672ஆம் விதி திருத்தப்பட்டது. 102ஆம் விதியின்படி ஒரு மறைமாவட்டத்தில் மூன்று மாதம் வாழ்ந்தாலே ஒருவர் அங்குத் ‘தற்காலிக உறைவிடம்’ பெற்றவராகிறார். மேற்கூறிய பெண் தூத்துக்குடிக்குச் செல்ல வேண்டியதில்லை. திருப்பூர் அடங்கிய கோயம்புத்தூர் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தையே அணுகலாம்.

குழந்தைகளின் நிலை குறித்த அச்சமே பலரைத் தீர்ப்பாயத்திடம் செல்லாது தடுக்கிறது. திருமணமே இல்லையென்றால் பிள்ளை முறையற்றதாகிவிடுமே என்பது அவ்வச்சம். 1137ஆம் விதி இதற்கு விடை தருகிறது: ஒருவரேனும் நன்னம்பிக்கையோடு செய்துகொண்ட மணத்தில் பிறந்த குழந்தை, அம்மணம் பின்னர்ச் செல்லாதென அறிவிக்கப்பட்டாலும் முறைப்படி பிறந்ததே.

மாமன் மகளும் அக்காள் மகளும்

தமிழ்ச் சூழலுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கு விரித்துக் காணுதல் தகும். மாமன் மகள், அத்தை மகள் ஆகியோர் தமிழ் உறவுமுறையில் முறைப்பெண்கள். சித்தப்பன் மகளும் பெரியம்மா மகளும் உடன்பிறந்தோர். ஒன்று உரிமை, மற்றொன்று எண்ணிப்பார்க்கவும் கூடாதது. திருச்சபைச் சட்டம் இவ்வேறுபாட்டை அறியாது. அதற்கு இவ்வனைவரும் பக்கவழி நான்காம் படி உறவினர். 1091ஆம் விதிப்படி இவர்களிடையே திருமணம் செல்லாது. எனினும் ஆயர் விலக்களித்தால் செல்லும். அக்காள் மகள் மூன்றாம் படி. விலக்கு அரிது, ஆயினும் சட்டத்தால் முற்றிலும் அடைக்கப்பட்டதன்று. முறைமணம் வழக்கிலுள்ள தமிழ்ப் பங்குகளில் ஓலை வாசிக்கும் முன் உறவுமுறை கேட்கப்படுவதும் விலக்குக் கோரி விண்ணப்பம் அனுப்பப்படுவதும் இதனாலேயே. விலக்குப் பெறாது நடந்த முறைமணம், ஊரார் அனைவரும் வாழ்த்திய திருமணமாயினும், திருச்சபைச் சட்டத்தின் பார்வையில் செல்லாதது.

ஆங்கிலிக்கன் மரபின் விலக்கப்பட்ட உறவுமுறைப் பட்டியல், 16ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கி வருவது, மாமன் அத்தை மக்களை விலக்குவதில்லை. அக்காள் மகளை விலக்குகிறது. ஆக, முறைப்பெண்ணை மணந்தவர் கத்தோலிக்கராயின் விலக்குத் தேவை, ஆங்கிலிக்கன் மரபினராயின் தேவையில்லை. இந்திய அரசுச் சட்டம் இவ்விடத்தில் திருச்சபைகளின் விதிகளுக்கு இடம் விட்டுள்ளது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, ஒருவரது தனிச்சட்டம் தடைசெய்யும் திருமணத்தை இச்சட்டம் செல்லத்தக்கதாக்காது என்கிறது. 1972இல் உச்ச நீதிமன்றம், கத்தோலிக்கரான உறவினர் இருவரின் மணத்தை ஆராய்ந்தபோது, எது விலக்கப்பட்ட உறவு என்பதற்குத் திருச்சபைச் சட்டத்தையே நோக்கியது. திருச்சபை விலக்களித்திருந்ததால் அம்மணம் செல்லும் எனக் கொண்டது. திருச்சபைச் சட்டம் அரசு நீதிமன்றத்தினுள் நுழையும் மிகக் குறுகிய வாயில் இது.

கீழைத் திருச்சபைகள்

ஆர்த்தடாக்சு மரபு, மணம் பிரிக்கப்படக் கூடாதது என்பதை ஏற்கிறது. ஆனால் பிரிக்கப்படக் கூடாதது வேறு, பிரிய இயலாதது வேறு என்கிறது. மனித வலுவின்மையால் ஒரு மணம் ஒழுக்கநிலையில் இறந்துவிடக்கூடும். அவ்வாறு இறந்ததை ஆயர் ஏற்று, கண்டிப்பைத் தளர்த்தும் மேய்ப்புப் பொறுப்பால் இரண்டாம் மணத்தை அனுமதிக்கலாம். இரண்டாம் மணத்தின் வழிபாட்டு முறை தவ மன்றாட்டுகளைக் கொண்டது; மகிழ்ச்சியின் அளவு குறைந்தது. மூன்றாவது மணத்தோடு எல்லை முடிகிறது. பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோ நான்காம் முறை மணந்ததால் எழுந்த பூசலுக்குப் பின், 920ஆம் ஆண்டு நான்காம் மணம் உறுதியாகத் தடைசெய்யப்பட்டது. மலங்கரை ஆர்த்தடாக்சுத் திருச்சபை பைசாந்திய மரபினதன்று, சீரிய மரபினது; பதின்மூன்றாம் நூற்றாண்டில் பார் எபிரேயா தொகுத்த விதிநூலைச் சார்ந்தது. எனினும் மணமுறிவுக்குக் காரணங்கள் உண்டென ஏற்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

பெயரளவில் இவர்களோடு ஒன்றாக எண்ணப்படும் சீரோ மலபார் திருச்சபை உரோமையோடு இணைந்தது. கோயம்புத்தூரிலுள்ள இராமநாதபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2010இல் இதற்கு ஒரு மறைமாவட்டம் நிறுவப்பட்டது. திருப்பூர்ப் பகுதி மலையாளக் கத்தோலிக்கர் அதன் எல்லைக்குள் வருவர். 1990இல் வெளியான கீழைத் திருச்சபைகளின் சட்டத்தொகுப்பு இவர்களைக் கட்டுப்படுத்துவது. மணமுறிவு இல்லை, செல்லாமை உண்டு என்பதில் இலத்தீன் முறையினரோடு இவர்கள் உடன்படுகின்றனர். ஆனால் குருவின் ஆசியுரை இன்றியமையாதது. திருத்தொண்டர் ஒருவர் நடத்திவைத்த மணம், இலத்தீன் முறையில் செல்லுபடியாகக் கூடியது, இங்குச் செல்லாமல் போகலாம்.

மேற்கும் கிழக்கும் இதில் மாறுபட்டமை திரெந்துப் பொதுச்சங்கத்திற்குத் தெரிந்தே இருந்தது. 1563இல் மணத்தின் பிரிவின்மையை வரையறுத்தபோது, வெனிசு நகரத் தூதர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, கிரேக்கரின் நடைமுறையை நேரடியாகக் கண்டிக்காத வகையில் சொற்கள் அமைக்கப்பட்டன.

சீர்திருத்தத் திருச்சபைகள்

மார்ட்டின் லூதர் 1520இல் திருமணத்தை அருளடையாளங்களின் எண்ணிக்கையிலிருந்து நீக்கினார். பின்னர் அதனை உலகியல் சார்ந்த காரியம் என்றார். இக்கூற்று மணத்தை இழிவுபடுத்துவதன்று. அதன் சட்டப் பொறுப்பை அரசிடம் ஒப்படைப்பது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் பணியிலிருந்து வளர்ந்து 1919இல் அமைப்புப்பெற்ற தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இம்மரபினது. பிரெசுபிட்டேரியன் மரபின் வெசுட்மின்சுட்டர் விசுவாச அறிக்கை (1646) விபசாரம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல் ஆகிய இரண்டையும் மணமுறிவுக்குக் காரணங்களாக ஏற்றது.

இங்கிலாந்துத் திருச்சபையின் வரலாறு பலரால் தவறாகவே கூறப்படுகிறது. எட்டாம் என்றி 1533இல் பெற்றது மணமுறிவன்று, செல்லாமை அறிவிப்பே. அதற்குப் பின்னரும் அத்திருச்சபை மணமுறிவில் நெடுங்காலம் உரோமையைப் போன்றே கண்டிப்பாக இருந்தது. மணமுறிவு பெற்றோர், முன்னாள் துணைவர் உயிரோடிருக்கும்போது கோயிலில் மறுமணம் செய்ய அத்திருச்சபையின் பொதுமன்றம் 2002இல்தான் தனிச்சூழல்களில் இசைந்தது.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது கண்டிப்பான ஆங்கிலிக்கன் மரபும், அதனினும் நெகிழ்வான பிரெசுபிட்டேரியன், காங்கிரகேசனல், மெதடிசுட் மரபுகளும் ஓரமைப்பில் இணைந்தன. கொங்கு நாட்டுச் சபைகளின் வேர் இலண்டன் மிஷனில் உள்ளது. 1830 முதல் கோயம்புத்தூரில் பணியாற்றிய அம்மிஷன் காங்கிரகேசனல் சார்புடையது. நெல்லைச் சபைகளோ பெரும்பான்மையும் ஆங்கிலிக்கன் மரபின. நெல்லையிலிருந்து திருப்பூருக்கு வந்த குடும்பம் தன் திருச்சபையை மாற்றிக்கொள்வதில்லை, எனினும் மறுமணம் பற்றிய மனப்பாங்கு மாறுபட்ட ஒரு சபைக்குள் நுழைகிறது. இத்திருச்சபையில் செல்லாமை அறிவிக்கும் தீர்ப்பாயம் இல்லை. நீதிமன்றம் தந்த முறிவை ஏற்றுக்கொண்டு, மறுமணத்தைக் கோயிலில் நடத்தலாமா என்பதைத் திருச்சபை அதிகாரிகள் முடிவு செய்கின்றனர்.

பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றிப் பொதுமைப்படுத்திக் கூறுதல் கடினம். முன்னாள் துணைவர் சாகும்வரை மறுமணமே கூடாது என்போரும், விசுவாசத்திற்கு வருமுன் நடந்தவை கணக்கில் வாரா என்போரும் அடுத்தடுத்த தெருக்களில் உளர். தனிச்சபைகளில் போதகரின் தீர்மானமே இறுதி. மேல்முறையீட்டு அமைப்பு இல்லை. இங்குக் கருதத்தக்க சட்டக் கூறு ஒன்றுண்டு. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகளின்படி, இத்தகைய போதகர் திருமணம் நடத்த அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமமற்றவர் நடத்திய மணம் பின்னர் நீதிமன்றத்தில் ஐயத்திற்குள்ளாகும். மறுமணத்திற்கு எந்தச் சபையும் இசையாத நிலையில் எளிதில் இசையும் போதகரைத் தேடிச் செல்வோர் இதனைக் கேட்டறிவதில்லை.

திருச்சபைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம்

கற்பனை எடுத்துக்காட்டிற்குத் திரும்பினால், ஆணின் நிலையே பலரையும் வியப்பிலாழ்த்தும். அவர் தென்னிந்தியத் திருச்சபையினர். அவருடைய முதல் மனைவியும் அவ்வாறே. நீதிமன்றம் முறிவளித்தது, அவர் திருச்சபையும் மறுமணத்திற்கு இசையலாம். ஆயினும் கத்தோலிக்கப் பெண்ணை அவளது கோயிலில் மணக்க வேண்டுமாயின், அவரது முதல் திருமணம் செல்லாதெனக் கத்தோலிக்கத் தீர்ப்பாயம் அறிவிக்க வேண்டும். காரணம், திருமுழுக்குப் பெற்ற சீர்திருத்தத் திருச்சபையினர் இருவரின் மணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லத்தக்கதாகவும் அருளடையாளமாகவும் மதிக்கிறது. மதிப்பதாலேயே அது முறியாதது என்கிறது. பிற சபைக்குத் தரும் மரியாதை அச்சபையினர்க்குத் தடையாக மாறுவதை இங்குக் காணலாம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கத்தோலிக்கர் ஒருவர் ஆயரின் இசைவின்றிப் பெந்தெகொஸ்தே சபையில் மணந்திருந்தால், திருச்சபை வகுத்த வடிவம் பின்பற்றப்படாமையால் (1108) அம்மணம் செல்லாது. நெடிய விசாரணையின்றி ஆவணங்களைக் கொண்டே இதனை நிறுவிவிடலாம். ஆனால் உரிமம் பெற்ற போதகர் நடத்திய அத்திருமணம் அரசுச் சட்டத்தின் முன் முழுமையாகச் செல்லும். பத்தாண்டு வாழ்ந்த மனைவியைவிட்டு நீங்கியவருக்கு ஒரு வாயில் இவ்வளவு எளிதாகத் திறப்பதும், கைவிடப்பட்ட பெண்ணுக்கு மற்றொரு வாயில் இறுக மூடியிருப்பதும் சட்ட நுட்பத்தின் விளைவுகளே. அறத்தின் விளைவுகள் எனக் கொள்ள இயலாது.

இந்துவாக மணந்து, பின்னர் ஒருவர் மட்டும் திருமுழுக்குப் பெறும் நிலை மூன்றாவது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் ஏழாம் அதிகாரத்தைச் சார்ந்து, திருமுழுக்குப் பெறாத துணைவர் பிரிந்து செல்வாராயின் முதல் மணம் கரையும் எனத் திருச்சபைச் சட்டம் (1143) கூறுகிறது. இதன் அரசு வடிவமாகவே 1866ஆம் ஆண்டின் மதம் மாறியோர் மணக்கலைப்புச் சட்டம் என்றி மெயின் முயற்சியால் இயற்றப்பட்டது எனலாம். திருச்சபையின் இச்சலுகை அரசுச் சட்டத்தில் தானாக நடைமுறைக்கு வாராது. மதம் மாறியவரின் இந்துத் திருமணம் நீதிமன்றம் கலைக்கும்வரை நிலைத்திருக்கும்.

அரசுச் சட்டத்தின் வழி

1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டம், 1857ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தை அடியொற்றியது. அதன் 10ஆம் பிரிவு, மனைவியின் விபசாரம் ஒன்றையே காட்டிக் கணவன் முறிவு பெறலாம் என்றது. மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ ஈராண்டுக் கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அடித்தான், ஆனால் வேறொருத்தியை நாடவில்லை என்றால் வழி இல்லை. 132 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 1995இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் இப்பிரிவின் சில பகுதிகளை நீக்கியபின், 2001இல் நாடாளுமன்றம் இருபாலார்க்கும் ஒரே காரணங்களை வகுத்தது. இசைவு மணமுறிவுக்கு 10அ என்னும் பிரிவையும் சேர்த்தது. ஆங்கிலிக்கன் குருமார்க்கு மட்டும் இச்சட்டம் தனிச்சலுகை அளித்திருந்தது: விபசாரக் காரணத்தால் மணமுறிவுக்கு உள்ளானவருக்குத் திருமணம் நடத்த அவர்களை வற்புறுத்த இயலாது (58), ஆனால் வேறு குரு முன்வந்தால் கோயிலைத் திறந்துவிட வேண்டும் (59).

இசைவு மணமுறிவுக்கு இந்துக்களும் சிறப்புத் திருமணச் சட்டத்தினரும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்தால் போதும். 10அ பிரிவின் வாசகம் கிறித்தவர்க்கு ஈராண்டு என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010இல் இதனை ஓராண்டாகச் சுருக்கிப் பொருள்கொண்டது. 2022இல் அவ்வோராண்டுக் காத்திருப்பும் அரசமைப்புக்கு முரணானது என்றது. நாடாளுமன்றம் எழுதிய சொற்கள் மாறவில்லை.

தீர்ப்பாயத்தின் அறிவிப்பு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துமா என்ற வினாவிற்கு 1996இலேயே உச்ச நீதிமன்றம் விடை கூறிவிட்டது. திருச்சபைத் தீர்ப்பாயம் முதல் மணத்தைச் செல்லாதென்று அறிவித்தபின் மறுமணம் செய்த பெண்ணின் வழக்கு அது. சட்டத்தின் முன் முதல் மணம் நிலைத்திருப்பதால் இரண்டாவது செல்லாது என நீதிமன்றம் கூறியது. தீர்ப்பாயத்தின் முடிவுகளுக்குச் சட்ட ஏற்புக் கோரி மங்களூர் வழக்கறிஞர் கிளாரன்சு பைசு தொடுத்த பொதுநல வழக்கும் 2017 சனவரியில் தள்ளுபடியாயிற்று. எனவே தீர்ப்பாய ஆணையை மட்டும் நம்பி மறுமணம் செய்பவர், பாரதிய நியாய சன்கிதையின் 82ஆம் பிரிவின்கீழ் இருதார மணக் குற்றச்சாட்டையும் எதிர்கொள்ளக்கூடும். அரசுச் சட்டம் ஏற்காத மணத்தை ஆயரின் இசைவின்றி நடத்தலாகாது எனத் திருச்சபைச் சட்டமே (1071) தடுப்பதால், கவனமுள்ள பங்குத்தந்தை நீதிமன்ற ஆணையையும் கேட்பார். அந்தப் பெண்ணுக்கு இரு வழக்குகள் தேவை. இரண்டிலும் அவள் மெய்ப்பிக்க வேண்டியவை வெவ்வேறு. நீதிமன்றத்தில் கணவன் பின்னர்க் கைவிட்டதைக் காட்ட வேண்டும். தீர்ப்பாயத்தில் மணநாளன்றே இருந்த குறையைக் காட்ட வேண்டும். கைவிட்டமை ஐயமின்றி நிறுவப்பட்டாலும் தீர்ப்பாயத்தில் அவள் தோற்கலாம்.

ஒப்பிட்டு நோக்கின், இலங்கையில் 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இந்துத் தமிழரையும் கிறித்தவத் தமிழரையும் ஒரே நிலையில் நிறுத்துகிறது. விபசாரம், தீய நோக்குடன் கைவிடல், ஆண்மையின்மை போன்ற உடற்குறை ஆகிய மூன்றே காரணங்கள். யாழ்ப்பாணத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயம் இருப்பினும், அங்கத்தவர்க்கு இந்தியச் சட்டம் பொருந்தாது.

எல்லை என்னும் தடை

இடம்பெயர்ந்த தொழிலாளியைப் பெரிதும் வருத்துவது காரணங்களின் பட்டியலன்று, நீதிமன்ற எல்லையே. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, திருமணம் நடந்த இடம், இருவரும் வாழும் இடம், அல்லது இறுதியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் எதுவோ அவ்விடத்து நீதிமன்றமே மனுவை ஏற்கலாம். மனைவி இப்போது தனித்து வாழும் இடத்திலேயே மனு அளிக்கும் உரிமையை இந்துத் திருமணச் சட்டம் 2003இல் பெண்களுக்கு வழங்கியது. கிறித்தவப் பெண்ணுக்கு அவ்வாறு எழுதப்படவில்லை. ஒரே தையல் கூடத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் இரு பெண்களுள், இந்துப் பெண் திருப்பூர் நீதிமன்றத்திலேயே மனு அளிக்கலாம். கிறித்தவப் பெண் தூத்துக்குடிக்குச் செல்ல வேண்டும். வாரந்தோறும் சனிக்கிழமை எண்ணித் தரப்படும் கூலியை நம்பி வாழ்பவளுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஈரிரவுப் பயணமும் கூலி இழப்பும் ஆகும். மனு அளித்தபின் வழக்கை மாற்றுமாறு உயர் நீதிமன்றத்தில் வேண்டலாம். அதற்குத் தனி வழக்கறிஞர், தனிச் செலவு. சீவனாம்ச மனுவை மட்டும் மத வேறுபாடின்றி அவள் வாழும் இடத்திலேயே அளிக்கலாம்.

இவ்வகையில், பழமைவாதம் கொண்டதெனக் கருதப்படும் திருச்சபைச் சட்டம் 2015க்குப் பின் அவள் வாசலுக்கு வந்துள்ளது. அரசுச் சட்டம் இன்னும் அவளைத் திருமணம் நடந்த ஊருக்கே அழைக்கிறது. 3ஆம் பிரிவில் ஒரு தொடரைச் சேர்ப்பது பெரிய சமயச் சிக்கல் எதையும் எழுப்பாது. எந்தத் திருச்சபையின் கோட்பாடும் அதனால் தொடப்படுவதில்லை.

இரு வழக்குகளிலும் அவள் வென்றபின்னும் பதிவேடுகள் ஒன்றுபடுவதில்லை. தீர்ப்பாயத்தின் அறிவிப்பு அவளது சொந்தப் பங்கிற்கு அனுப்பப்பட்டு, திருமணப் பதிவேட்டிலும் திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிக்கப்படும். இனி அவள் எவ்வூரில் மணக்க விரும்பினாலும் அங்கிருந்து பெறும் திருமுழுக்குச் சான்றில் அக்குறிப்பு இடம்பெறும். அதே திருமணத்தின் நகல், 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூன்று மாதத்திற்கு ஒருமுறை பங்கிலிருந்து அரசின் தலைமைப் பதிவாளருக்கு முன்னரே சென்றுவிட்டது. அந்நகலில் தீர்ப்பாயத்தின் அறிவிப்பைக் குறிக்க எவருக்கும் அதிகாரம் இல்லை.